இரைப்பைப் புற்றும் மூலிகைச் சாறும்

காஞ்சி மாநகரின் தென்புறத்தே, பாலாற்றை நோக்கிச் செல்லும் சாலையில் அமைந்துள்ளது ஓரிக்கை. பட்டு நெசவை நம்பி வாழும் குடும்பங்கள் நிறைந்த ஊர். தறிக்குழியில் கால்களை இறக்கி அமர்ந்தால், பாவில் ஓர் இழை அறாமல் நெய்து முடிக்கும் வரை பசியும் தெரியாது, பொழுதும் தெரியாது. நேரம் தவறிய உணவும், இடையிடையே வெற்றிலை புகையிலையும், வயிறு எரிந்தால் ஒரு சோடாவுமாக நாளை ஓட்டுவது இத்தொழிலில் உள்ள பலருக்கும் பழகிப்போன ஒன்று. “வயிற்றெரிச்சல்தானே, சீரகத் தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும்” என்று சொல்லிக்கொண்டே மாதங்களைக் கடத்திவிடுவார்கள்.

அதே காஞ்சியின் மறுபுறத்தில், காரப்பேட்டையில், அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. காஞ்சியில் பிறந்து தமிழகத்தின் முதலமைச்சராக உயர்ந்த அண்ணா, 1969 பிப்ரவரி 3 அன்று புற்றுநோயால் காலமானார். அவர் நினைவைத் தாங்கி நிற்கும் அந்த அரசு மருத்துவமனைக்கு ஓரிக்கையிலிருந்து பேருந்திலேயே போய்விடலாம். ஆயினும் அந்தச் சிறு தொலைவைக் கடப்பதற்குச் சிலருக்கு ஓர் ஆண்டுகூட ஆகிவிடுகிறது. இடையில் நாட்டு மருந்துக் கடை குறுக்கிடுகிறது; புட்டியில் அடைத்த கருஞ்சீரக எண்ணெய் குறுக்கிடுகிறது; “புற்றைக் கரைத்துவிடும், பரவவிடாது” என்று உறவினர் ஒருவர் பரிவோடு கொண்டுவந்து தரும் இலைச்சாறு குறுக்கிடுகிறது.

மூலிகைச் சாறு இரைப்பைப் புற்று பரவுவதைத் தடுக்குமா? இக்கேள்விக்கு “தடுக்கும்” என்று ஒரே சொல்லில் விடை கூறுவதும் தவறு. “எல்லாம் மூடநம்பிக்கை” என்று தள்ளிவிடுவதும் தவறு. உண்மை இவ்விரண்டுக்கும் நடுவே இருக்கிறது. அதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்து வைத்திருப்பது அவசியம்.

பரவுவதே ஆபத்து

2022ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறக்குறைய 9,68,000 பேருக்கு இரைப்பைப் புற்று புதிதாகக் கண்டறியப்பட்டது. அவ்வாண்டில் அந்நோயால் இறந்தோர் ஏறக்குறைய 6,60,000 பேர். நம் நாட்டில் மிசோரம் முதலிய வடகிழக்கு மாநிலங்களில் இந்நோய் மிகுதி. அடுத்தபடியாகக் கவனத்துக்குரியது நம் தமிழகம். அடையாறு புற்றுநோய் நிலையத்தின் பொறுப்பில் 1980களின் தொடக்கத்திலிருந்து பேணப்பட்டுவரும் சென்னைப் பதிவேட்டில், ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களுள் இரைப்பைப் புற்று நெடுங்காலம் முன்வரிசையில் இருந்து வந்திருக்கிறது.

இரைப்பையின் உட்சுவரில் தோன்றும் கட்டி, அங்கேயே அடங்கியிருக்கும் வரை அறுவைச் சிகிச்சையால் அதை முழுமையாக நீக்கிவிட முடியும். அது கல்லீரலுக்கோ, வயிற்றறையின் உட்சவ்வுக்கோ, நிணநீர்க் கணுக்கள் வழியே தொலைவிடங்களுக்கோ பரவிவிட்டால் நிலைமை முற்றிலும் வேறாகிவிடுகிறது. இந்நோயில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் முதற்கட்டியன்று. அதிலிருந்து பிரிந்து சென்று வேறிடத்தில் குடியேறும் உயிரணுக்களே.

இந்தப் பரவல் எப்படி நிகழ்கிறது? நெசவை அறிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. பாவும் ஊடையும் இறுகப் பிணைந்திருக்கும் வரை துணி துணியாக இருக்கும். அதுபோல் உடலின் உயிரணுக்களும் ஒருவகைப் புரதங்களால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டுள்ளன. புற்றணு முதலில் இப்பிணைப்பை அவிழ்த்துக்கொள்கிறது. பிறகு, சுற்றியுள்ள திசுச்சுவரை அரிக்கும் நொதிகளைச் சுரந்து வழி உண்டாக்குகிறது. அவ்வழியே இரத்தக் குழாயிலோ நிணநீர்க் குழாயிலோ புகுந்து பயணம் செய்து, வேறோர் உறுப்பில் தங்கி, தனக்கென்று புதிய இரத்தக் குழாய்களை வரவழைத்துக்கொண்டு வளர்கிறது. இப்படிகளுள் ஏதேனும் ஒன்றைத் தடுத்து நிறுத்தும் பொருள் கிடைத்தால் பரவலைத் தடுக்கலாம் என்பதே ஆராய்ச்சியாளர்களின் எண்ணம். அப்பொருளை அவர்கள் தாவரங்களிடமும் தேடிவருகின்றனர்.

ஆய்வுக்கூடத்தில் கண்டவை

மஞ்சளிலுள்ள குர்க்குமின், கருஞ்சீரகத்திலுள்ள தைமோகுயினோன், வேப்பிலையிலுள்ள நிம்போலைடு, பூண்டிலுள்ள கந்தகச் சேர்மங்கள் ஆகியவை இத்தேடலில் அடிக்கடி பேசப்படுபவை. கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்க்கப்படும் இரைப்பைப் புற்றணுக்கள்மீது இவற்றைச் செலுத்தியபோது, அணுக்களின் வளர்ச்சி குன்றியதையும், சுவரை அரிக்கும் நொதிகள் குறைந்ததையும், அணுக்கள் இடம்பெயரும் வேகம் தணிந்ததையும் பல நாட்டு ஆய்வாளர்கள் கண்டு எழுதியுள்ளனர்.

நம் தமிழகத்திலும் இத்தகைய ஆய்வு நடந்துள்ளது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறையில் நாகினி தலைமையிலான குழுவினர், 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் பூண்டுச் சாற்றையும் வேப்பிலைச் சாற்றையும் எலிகளிடத்தே சோதித்தனர். எலிகளுக்கு இரைப்பைப் புற்றை உண்டாக்க அவர்கள் கையாண்ட முறை நமக்கும் ஒரு பாடம்: புற்றூக்கி இரசாயனம் ஒன்றோடு, உப்பு முற்றக் கரைந்த நீரையும் கொடுத்தனர். மிகையான உப்பு இரைப்பையின் உட்படலத்தைப் புண்ணாக்கி நோய்க்கு வழிவிடும் என்பதே காரணம். வேப்பிலைச் சாறும் உடன் கொடுக்கப்பட்ட எலிகளில் கட்டிகள் குறைந்திருந்தன.

இச்செய்தி மகிழ்ச்சி தருவதே. ஆனால் இதை நிதானமாகப் படிக்க வேண்டும். அங்கே சாறு கொடுக்கப்பட்டது நோய் உருவாகும் காலத்தில். ஏற்கனவே முற்றிப் பரவிவிட்ட கட்டியை அச்சாறு கரைத்தது என்பது அதன் பொருளன்று. மேலும் அவை எலிகள்; நாம் மனிதர்கள்.

கிண்ணத்திலிருந்து மனித உடலுக்கு வரும் வழியில்தான் பெரும்பாலான மூலிகைப் பொருள்கள் தோற்றுப்போகின்றன. குர்க்குமினையே எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 8 கிராம் வரை வாய்வழியே கொடுத்துப் பார்த்தபோதும் இரத்தத்தில் மிகச் சிறிதளவே காணப்பட்டது. குடல் அதை எளிதில் உறிஞ்சுவதில்லை. உறிஞ்சியதையும் கல்லீரல் விரைந்து மாற்றிவிடுகிறது. கிண்ணத்தில் புற்றணுவை அடக்கிய அளவு, கட்டி இருக்கும் இடத்துக்குச் சென்று சேர்வதேயில்லை.

இப்னு ஸீனாவின் எச்சரிக்கை

இந்த வேறுபாட்டை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நம் முன்னோர் உணர்ந்திருந்தனர் என்பது வியப்புக்குரியது. மேலைநாட்டார் அவிசென்னா என்று அழைக்கும் இப்னு ஸீனா (980 - 1037), தம்முடைய ‘அல் கானூன்’ என்னும் மருத்துவப் பெருநூலில், ஒரு மருந்தின் குணத்தை அனுபவத்தால் அறிவதற்குச் சில விதிகளை வகுத்தளித்தார். மருந்து கலப்பற்றதாக இருக்க வேண்டும். பல நோய் உடையவரிடம் சோதிக்காமல் ஒரே நோய் உடையவரிடம் சோதிக்க வேண்டும். அதன் பலன் ஒருமுறை மட்டுமின்றி மீண்டும் மீண்டும் காணப்பட வேண்டும். விலங்குகளிடத்தே கண்ட பலன் மனிதனிடத்தே அவ்வாறே நிகழும் என்று கொள்ளக்கூடாதாதலால் மனிதரிடமே சோதித்து அறிய வேண்டும் என்பன அவற்றுள் சில. 

மருந்துச் செடிகளைத் தேடித் தொகுத்தவர்களும், அவற்றைச் சோதித்தறிய அளவுகோல் கண்டவர்களும் நம் முன்னோருள் இருந்தனர். முதலாமவரை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு இரண்டாமவரை மறந்துவிடுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதையாகாது.

சோதனையில் தேறிய செடிகள்

சரி, இத்தனை தடைகளையும் தாண்டி மனிதரிடத்தே பயன் தந்த தாவரப் பொருள் இல்லவே இல்லையா? உண்டு. அவற்றின் வரலாற்றில் நம் மண்ணைச் சேர்ந்த அறிஞர் ஒருவருக்கும் இடமுண்டு.

1966ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மன்ரோ வால், மன்சுக் வாணி என்னும் இருவரும், சீன நாட்டு மரம் ஒன்றின் பட்டையிலிருந்து காம்ப்டோதெசின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர். வாணி நம் நாட்டிற் பிறந்து பம்பாயில் பயின்றவர். அதே பொருள் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஒரு சிறு மரத்திலும் மிகுதியாக இருக்கிறது என்பதை 1972இல் வெளிப்படுத்தியவர்கள் டி.ஆர். கோவிந்தாச்சாரியும் விஸ்வநாதனும் ஆவர். கோவிந்தாச்சாரி சென்னை மாநிலக் கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றியவர். பின்னர் பம்பாயில் ஒரு மருந்து ஆராய்ச்சி நிலையத்தை நடத்தியவர். 

காம்ப்டோதெசினை அப்படியே நோயாளிகளுக்குக் கொடுத்தபோது பக்கவிளைவுகள் கடுமையாக இருந்தன. ஆகவே அச்சோதனை 1970களில் கைவிடப்பட்டது. அதன் அமைப்பைச் சற்றே மாற்றி, இரினோடெகான் என்னும் மருந்தாக்கினர் ஜப்பானியர். 1994இல் அந்நாட்டில் அது விற்பனைக்கு வந்தது. முதல் சிகிச்சைக்கு அடங்காத இரைப்பைப் புற்றுக்கு இன்று பயன்படும் மருந்துகளுள் அதுவும் ஒன்று.

வால், வாணி இருவருமே 1971இல் மற்றொரு பொருளின் அமைப்பையும் கண்டறிந்து வெளியிட்டனர். பசிபிக் கடலோர யூ மரப்பட்டையிலிருந்து கிடைத்த டாக்சால் அது. இன்று பாக்லிடாக்செல் எனப்படுகிறது. அதன் இனத்தைச் சேர்ந்த டோசிடாக்செல், ஐரோப்பிய யூ மரத்தின் ஊசியிலைகளிலிருந்து கிடைக்கும் மூலப்பொருளைக் கொண்டு தயாரிக்கப்படுவது. உயிரணு இரண்டாகப் பிரிய உதவும் நுண்ணிழைகளை இவை இறுகச் செய்துவிடுவதால், புற்றணு பெருக முடியாமல் மடிகிறது. 

2019இல் வெளியான ஜெர்மானிய ஆய்வொன்றில், அறுவைச் சிகிச்சைக்கு உட்படக்கூடிய நிலையிலிருந்த 716 இரைப்பைப் புற்று நோயாளிகள் பங்குபெற்றனர். டோசிடாக்செல் சேர்ந்த நான்கு மருந்துக் கூட்டை அறுவைக்கு முன்னும் பின்னும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுட்காலம் 50 மாதங்கள். பழைய மருந்துக் கூட்டைப் பெற்றவர்களுக்கோ 35 மாதங்கள். கண்ணுக்குத் தெரியாமல் பரவியிருக்கக்கூடிய அணுக்களை அழிப்பதில் ஒரு மரத்தின் இலைக்கும் பங்கிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

எனவே “ஆங்கில மருந்து வேண்டாம், மூலிகையே போதும்” என்று சொல்பவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். மருத்துவமனையில் சொட்டுச் சொட்டாக ஏற்றப்படும் அந்த மருந்தும் மூலிகையிலிருந்து வந்ததே. வேறுபாடு, அது சோதிக்கப்பட்டது. அளவு கணிக்கப்பட்டது என்பதுதான்.

அளவே மருந்து

நம் வீட்டு வாசல்களிலும் கல்லறைத் தோட்டங்களிலும் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1950களின் இறுதியில் கனடாவில் நோபிள், பியர் என்னும் அறிஞர்கள் அதிலிருந்து வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தனர். அதன் உறவான வின்கிறிஸ்டின் குழந்தைகளின் இரத்தப் புற்றுச் சிகிச்சையில் பெரும் மாற்றத்தை உண்டாக்கியது. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறக்குறைய அரை டன் உலர்ந்த இலை தேவைப்படுகிறது. 

இதைக் கேள்வியுற்று நித்தியகல்யாணி இலையை அரைத்துக் குடிப்போரும் உண்டு. அது வீண் மட்டுமன்று, ஆபத்தும்கூட. இலையில் அம்மருந்துப் பொருள் அணுவளவே உள்ளது; அதனோடு நஞ்சான வேறு பொருள்கள் பல கலந்துள்ளன. மேலும் இரைப்பைப் புற்றுக்கு அம்மருந்து உரியதும் அன்று. ஒரு புற்றுக்கு உதவும் மருந்து எல்லாப் புற்றுக்கும் உதவும் என்பது தவறான எண்ணம்.

சமையற்கட்டில் இருப்பவை

உணவாக நாம் உண்ணும் தாவரங்களுக்கு இதில் பங்கில்லையா என்று சகோதரிகள் கேட்கலாம். பூண்டைப் பற்றி மனிதரிடத்தே நடந்த நீண்ட ஆய்வொன்று உள்ளது. சீனாவின் ஷான்டாங் மாகாணத்தில், இரைப்பைப் புற்று மிகுந்த லின்ச்சூ வட்டாரத்தில் 1995இல் அது தொடங்கிற்று. 3,365 பேர் பங்கு கொண்டனர். சிலருக்குப் பூண்டுச் சாறும் எண்ணெயும், சிலருக்கு வைட்டமின்களும் ஏழாண்டுகளுக்கு மேல் கொடுக்கப்பட்டன. வேறு சிலருக்கு, இரைப்பையில் குடியிருக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியை ஒழிக்க இரண்டே வாரங்கள் மருந்து கொடுக்கப்பட்டது. 22 ஆண்டுகள் கண்காணித்த பின் கிடைத்த முடிவு 2019இல் வெளியிடப்பட்டது. கிருமி ஒழிப்பு மருந்தும் வைட்டமின்களும் நோய் வருவதையும் இறப்பையும் குறைத்தன. பூண்டு பெற்றவர்களிடையே இரைப்பைப் புற்றால் நேரும் இறப்பு குறைந்திருந்தது. நோய் வருவதே குறைந்தது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்குப் பலன் தெரியவில்லை.

இதில் ஊன்றிக் கவனிக்க வேண்டியது, இரு வார மருந்து இருபதாண்டுகளுக்கு மேலாகப் பலன் தந்தது என்பதே. இக்கிருமியை 1980களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் மார்ஷலும் வாரனும் கண்டறிந்தனர்; 2005இல் அதற்காக நோபல் பரிசு பெற்றனர். புற்றை உண்டாக்கும் கிருமி என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வமைப்பு 1994இலேயே அதை அறிவித்துவிட்டது. நாட்பட்ட வயிற்றெரிச்சலும் புண்ணும் உள்ளோர் இக்கிருமி இருக்கிறதா என்று சோதித்து மருந்து உண்பது, எந்தச் சாற்றையும்விட முந்திய தற்காப்பாகும்.

நோன்புக் கஞ்சியில் நாம் சேர்க்கும் பூண்டும் இஞ்சியும் நல்ல உணவுப் பொருள்கள். புற்று மருந்தேற்றிக் கொள்ளும் காலத்தில் உண்டாகும் குமட்டலை இஞ்சி குறைக்கிறதா என்று 576 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட அமெரிக்க ஆய்வு, நாளொன்றுக்கு அரை முதல் ஒரு கிராம் வரையிலான அளவு பயன் தந்ததைக் காட்டியது. இது நோயை நீக்கும் மருந்தன்று. நோயாளியின் துன்பத்தைத் தணிக்கும் துணை. துணைக்கும் மருந்துக்கும் உள்ள இவ்வேற்றுமையை மறவாதிருப்போம்.

கருஞ்சீரகத்தின் கண்ணியம்

கருஞ்சீரகத்தின் சிறப்பு நபிமொழித் தொகுப்புகளில் இடம்பெற்றிருப்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். அதன்மீது நமக்குள்ள மதிப்பு குறையாதது. அதே தொகுப்புகளில், நோய் கண்டால் மருத்துவம் செய்துகொள்ளுமாறு இடப்பட்ட கட்டளையும் இருக்கிறது. ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தட்டிக்கழிப்பது முறையன்று.

2010இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பைலோரி கிருமி கண்ட 88 பேரிடம் கருஞ்சீரகம் சோதிக்கப்பட்டது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையோடு நாளொன்றுக்கு 2 கிராம் கருஞ்சீரகம் உண்டவர்களில் மூவரில் இருவருக்குக் கிருமி நீங்கிற்று. வழக்கமான மும்மருந்து உண்டவர்களிலோ ஐவரில் நால்வருக்கு மேல் நீங்கிற்று. சிறிய ஆய்வாயினும் நம்பிக்கை அளிப்பதே, மேலும் ஆராயத்தக்கதே. ஆனால் பரவிய இரைப்பைப் புற்றைக் கருஞ்சீரகம் குணப்படுத்தியதாக மனிதரிடத்தே நிறுவப்படவில்லை. அவ்வாறு விளம்பரம் செய்து எண்ணெய் விற்போர், நம் பக்தியை முதலாக்கி வாணிபம் செய்கின்றனர்.

மருந்தை முறிக்கும் மூலிகை

“மூலிகைதானே, கெடுதல் என்ன?” என்பது பொதுவாகக் கேட்கப்படும் கேள்வி. கெடுதல் உண்டு. மேலே சொன்ன இரினோடெகானைப் பெற்றுவந்த நோயாளிகள் சிலருக்கு, மனச்சோர்வுக்கு உண்ணப்படும் செயின்ட் ஜான்ஸ் வார்ட் என்ற ஐரோப்பிய மூலிகை உடன் கொடுக்கப்பட்டது. இரத்தத்தில் அம்மருந்தின் செயல்படும் வடிவம் 42 விழுக்காடு குறைந்துவிட்டதை 2002இல் டச்சு ஆய்வாளர்கள் கண்டனர். பூண்டு மாத்திரைகளை மிகுதியாக உண்பவர்களுக்கு அறுவையின்போது இரத்தப்போக்கு அதிகரிக்கலாம். செறிவூட்டப்பட்ட மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டோரும் உண்டு. குழம்பில் இடும் மஞ்சளைப் பற்றிய பேச்சன்று இது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய கெடுதல் காலம் வீணாவது. 2018இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், குணப்படுத்தக்கூடிய நிலையில் இருந்தும் மருத்துவமனைச் சிகிச்சையை மறுத்து மாற்று மருத்துவத்தை மட்டும் நாடிய புற்றுநோயாளிகளுக்கு, மற்றவர்களைக் காட்டிலும் இறப்பு அபாயம் இரண்டரை மடங்காக இருந்தது தெரியவந்தது. அவர்கள் மார்பகம், பெருங்குடல் முதலிய வேறு புற்றுகள் கண்டவர்கள். எனினும் விரைந்து பரவும் இரைப்பைப் புற்றுக்கு இப்பாடம் இன்னும் அழுத்தமாகப் பொருந்தும்.

நாம் செய்யத்தக்கவை

இரைப்பைப் புற்று தொடக்கத்தில் சாதாரண அஜீரணமாகவே வேடமிட்டு வரும். இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் தீராத வயிற்றெரிச்சல், சிறிது உண்டதுமே வயிறு நிரம்பிவிடுதல், காரணமின்றி எடை குறைதல், விழுங்குவதில் தடை, தொடர் வாந்தி, கரிய நிற மலம், இரத்தசோகை ஆகியவற்றுள் எது தோன்றினாலும், குறிப்பாக நாற்பது வயதைக் கடந்தவர்கள், மருத்துவரிடம் சென்று எண்டோஸ்கோப்பிச் சோதனை தேவையா என்று கேட்க வேண்டும். குழாய் வழியே இரைப்பையை நேரில் பார்க்கும் இச்சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். செலவுக்கு அஞ்சுவோருக்கு அரசு மருத்துவமனைகளும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் உள்ளன.

உணவில் உப்பைக் குறைப்போம். ஊறுகாயும் கருவாடும் தொட்டுக்கொள்ளும் அளவோடு நிற்கட்டும். சென்னையில் கஜலட்சுமியும் டாக்டர் சாந்தாவும் நடத்தி 1996இல் வெளியிட்ட ஆய்வு, ஊறுகாய் வகைகள் அபாயத்தைக் கூட்டுவதையும் பருப்பு வகைகள் அதைக் குறைப்பதையும் காட்டியது. பீடி, சிகரெட், புகையிலை, மது ஆகியவற்றை விலக்குவோம். கீரை, காய், கனிகளை நாள்தோறும் சேர்ப்போம்.

சிகிச்சையில் இருப்பவர் ஏதேனும் மூலிகை உண்ண விரும்பினால், அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சொல்ல அஞ்சி ஒளித்து உண்பதே விபரீதத்துக்கு வழி. மருத்துவர்களும் கடிந்து கொள்ளாமல் பரிவோடு கேட்பார்களாயின் நோயாளிகள் மனந்திறந்து பேசுவார்கள்.

நோயாளியைப் பார்க்கச் செல்வது நம்மிடையே உள்ள நற்பண்பு. அவ்வாறு செல்லும்போது கையில் ஒரு புட்டியும் வாயில் ஒரு வைத்தியமுமாகச் செல்வதை விடுத்து, “மருத்துவமனைக்கு எப்போது போக வேண்டும்? நான் உடன் வருகிறேன்” என்று ஒரு வார்த்தை சொல்வோம். செடிகளில் மருந்தை வைத்த இறைவன், அதை ஆராய்ந்து பிரித்தறியும் அறிவையும் மனிதனுக்கு அளித்திருக்கிறான். அவ்வறிவைத் தக்க நேரத்தில் பயன்படுத்திக்கொள்வதே அவ்விரு கொடைகளுக்கும் நாம் செலுத்தும் நன்றியாகும்.